ஏ.ஐ. ஏஜென்ட்டும் நம் கடைக் கருவிகளும்

ஏஜென்ட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. விருதுநகரில் கமிஷன் ஏஜென்ட், சிவகாசியில் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கும் ஏஜென்ட், வீட்டுக்கு வரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று எத்தனையோ பேரோடு பழகியவர்கள் நாம். நம் சார்பில் பேசுவான், நம் சார்பில் முடிப்பான், அவன் முடித்த பேரத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டும். இப்போது ஏ.ஐ. ஏஜென்ட் என்று சொல்கிறார்களே, அதற்கும் இதே இலக்கணம்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நின்றால் அது வெறும் ஏ.ஐ. பதில் சொல்லிவிட்டு இருப்பைப் பார்த்து, விலை போட்டு, ஆர்டரும் குறித்து வைத்தால் அது ஏஜென்ட். சங்கக் கூட்டங்களில் இளைய உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆலங்குளத்தில் எங்கள் மொத்தக் கடையில் இதற்கான சில சிறு கருவிகளைச் செய்து வைத்துப் பழகி வருகிறோம். அதில் தெரிந்துகொண்டவற்றை வணிகப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஏ.ஐ.க்கு எல்லாம் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு உலகத்துச் செய்தி தெரியும். நம் கிட்டங்கியில் எத்தனை மூடை உளுந்து இருக்கிறது என்பது தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், தெரிந்த மாதிரியே ஒரு எண்ணைச் சொல்லிவிடும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே அது பார்த்துச் சொல்வதற்கு நாம்தான் வழி செய்து தர வேண்டும். அந்த வழிக்குத்தான் கருவி என்று பெயர். ஒரு கருவி என்பது ஒரே ஒரு வேலை செய்கிற சின்ன சாப்ட்வேர். சரக்கின் பெயரைக் கொடுத்தால் இருப்பைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். பத்து இருபது வரிகளில் ஒரு கல்லூரிப் பையன் எழுதிவிடுவான். எழுதுவது பெரிய காரியமல்ல. அந்தக் கருவிக்கு எழுதும் குறிப்புதான் பெரிய காரியம்.

ஏனென்றால் ஏஜென்ட் நம் சாப்ட்வேரின் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற குறிப்பு, அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றை மட்டும் படிக்கிறது. படித்துவிட்டு, இந்த வேலைக்கு இந்தக் கருவி என்று தானே முடிவு செய்கிறது. புதிதாகச் சேர்ந்த கடைப்பையனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, எந்தச் சாவி எந்தக் கிட்டங்கிக்கு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது போல. பையனாவது முழித்துக்கொண்டு நிற்பான், நாம் பார்த்துத் திருத்தலாம். ஏஜென்ட் முழிக்காது. தப்பான பூட்டைத் திறந்து, தப்பான சரக்கை எடுத்து, பில்லும் போட்டுவிடும்.

இந்தச் சீட்டை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு பொதுமுறை வந்துவிட்டது. அமெரிக்காவில் உள்ள ஆந்த்ரோபிக் என்ற நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி., என்ற முறையை வெளியிட்டது. மறு ஆண்டே ஓப்பன் ஏ.ஐ., கூகுள் போன்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2025 டிசம்பரில் அது லினக்ஸ் பவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் வசம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு தடவை இந்த முறையில் கருவியைச் செய்துவிட்டால் எந்தக் கம்பெனியின் ஏஜென்ட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்பது நமக்குள்ள லாபம். எந்தக் கம்பெனி ஸ்விட்ச்சானாலும் ஒரே பிளக் பொருந்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பக்கத்தில் தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனமும் 2025 ஜூலையில் தன் சாப்ட்வேர்களுக்கு எம்.சி.பி. வசதியை அறிவித்தது. ஜோஹோவில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. நம்மில் பெரும்பாலோர் டேலியில் இருக்கிறோம். டேலியிலும் வழி இருக்கிறது. வேறு ஒரு சாப்ட்வேர் எக்ஸ்.எம்.எல். என்ற முறையில் கேள்வி அனுப்பினால் அது பதில் தரும். வழக்கமாக 9000 என்ற எண்ணுள்ள போர்ட்டில் கேட்கும். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறோம். அந்த வாசலைக் கடைக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் வையுங்கள். இன்டர்நெட் பக்கம் திறந்து வைத்தால் ஊரார் எல்லாம் நம் பேரேட்டைப் புரட்டலாம்.

எங்கள் கடையில் நான்கே கருவிகள். இருப்புப் பார்ப்பது, விலை சொல்வது, வாடிக்கையாளர் பாக்கி சொல்வது, ஆர்டரைக் குறித்து வைப்பது. செய்து கொடுத்த பையன் முப்பது கருவிகள் செய்து தரலாம் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒன்றுக்கொன்று சாயல் உள்ள கருவிகள் அதிகமானால் ஏஜென்ட் குழம்புகிறது. 'விலைப் பட்டியல்', 'விலை விவரம்', 'இன்றைய விலை' என்று மூன்று இருந்தால் மனிதனுக்கே எது என்று தெரியாது.

இனி குறிப்புக்கு வருவோம். இருப்புக் கருவிக்கு அந்தப் பையன் முதலில் எழுதிய குறிப்பு இரண்டே சொல்: 'இருப்பைத் தரும்'. எந்த அளவில் தரும் என்பது அதில் இல்லை. நம் வியாபாரத்தில் அளவு என்பது எத்தனை விதம் என்பதை யோசித்துப் பாருங்கள். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: எண்ணெய் என்றால் 15 கிலோ டின்னுக்கு விலை, மல்லி என்றால் 40 கிலோவுக்கு, பருப்பு வகைகளும் வத்தலும் குவிண்டாலுக்கு, சீனி 50 கிலோ மூடைக்கு. ஒரே பட்டியலில் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். நாம் எண்ணைப் பார்த்ததும் மனதிலே பிரித்துக்கொள்கிறோம். ஐம்பது வருடம் அதைப் படித்த கண் நமக்கு. ஏஜென்ட்டுக்கு அது எல்லாம் ஒரே எண் வரிசை. தீப்பெட்டியைப் பாருங்கள். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் 'தீப்பெட்டி 5 அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார். ஐந்து பெட்டியா, பத்துப் பெட்டி கொண்ட பாக்கெட்டில் ஐந்தா, 600 பெட்டி கொண்ட பண்டலில் ஐந்தா? கடைசியில் சொன்னதென்றால் 3,000 பெட்டி. பெட்டி இரண்டு ரூபாய் விற்கிற இந்தக் காலத்தில் பத்து ரூபாய்க்கும் ஆறாயிரம் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் அது.

இப்போது அந்தக் குறிப்பு இப்படி இருக்கிறது: 'ஒரு சரக்கின் இன்றைய கிட்டங்கி இருப்பைத் தரும். விடை எப்போதும் கிலோவில் இருக்கும். தீப்பெட்டிக்கு மட்டும் பெட்டி எண்ணிக்கையில். ஆர்டர் எடுத்து இன்னும் அனுப்பாத சரக்கு இதில் கழிக்கப்பட்டுவிட்டது. லாரியில் வந்துகொண்டிருக்கும் சரக்கு இதில் சேராது. விலை தெரிய இதைப் பயன்படுத்தாதே. அதற்கு விலைக் கருவி உண்டு. வாடிக்கையாளர் அளவைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் ஊகம் செய்யாமல் அவரிடமே கேள்.' நீளம்தான். ஆனால் புது கணக்குப்பிள்ளைக்கு நாம் வாயால் சொல்லித் தருவதில் ஒரு வரிகூட இதில் கூடுதல் இல்லை.

அளவைவிடத் தொல்லை கொடுப்பது பெயர். நம் பக்கத்தில் சீனி என்றால் வெள்ளைச் சீனி. கம்பெனிப் பில்லில் அதுவே சர்க்கரை என்று வரும். நம்மூர்ப் பெரியவர்கள் சர்க்கரை என்று சொன்னால் நாட்டுச் சர்க்கரையைக் கேட்கிறார்களோ என்று ஒரு கணம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. கடலை என்றால் இங்கே நிலக்கடலை. கடலைப்பருப்பு வேறு, பொரிகடலை வேறு, அதையே பொட்டுக்கடலை என்பார்கள். வத்தல் என்றால் நமக்கு மிளகாய் வத்தல். வேறு ஊர்க்காரருக்குச் சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல். வெறுமனே பருப்பு என்றால் துவரம்பருப்பு என்பது சொல்லாமலே நமக்கு விளங்கும். ஏ.ஐ. படித்த தமிழில் இந்த வட்டார வழக்கு போதுமான அளவு இல்லை. எனவே சரக்குப் பட்டியலில் ஒவ்வொரு சரக்கின் எதிரிலும் அதன் மற்றப் பெயர்களைச் சேர்த்து எழுதினோம். இதை எந்தச் சாப்ட்வேர் கம்பெனியும் நமக்குச் செய்து தர முடியாது. பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் என்ஜினீயருக்கு வெம்பக்கோட்டைக் கடைக்காரர் எதை எப்படிச் சொல்வார் என்பது எப்படித் தெரியும்? கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். உண்மையைச் சொன்னால், இந்த வேலையில் மிக மதிப்புள்ள பகுதி கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

கருவி தோற்கும்போது அது என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நாமே எழுத வேண்டும். வெறுமனே 'பிழை' என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதே கேள்வியை நாலு தடவை கேட்கும், அல்லது தானாக ஒரு விடையைக் கற்பனை செய்துவிடும். 'கடலை என்ற பெயரில் மூன்று சரக்கு இருக்கிறது: நிலக்கடலைப் பருப்பு, கடலைப்பருப்பு, பொரிகடலை. எது என்று வாடிக்கையாளரிடம் கேள்' என்று திருப்பிச் சொன்னால் ஏஜென்ட் அப்படியே கேட்கிறது. அதேபோல் கேட்டதை மட்டும் தர வேண்டும். உளுந்து இருப்பு எவ்வளவு என்றால் கடையின் முழு ஸ்டாக் புத்தகத்தையும் தூக்கிப் போடக் கூடாது. அவ்வளவையும் படிப்பதற்கு ஏ.ஐ. கம்பெனிக்குக் கட்டணமும் ஆகும், குழப்பமும் வரும்.

வரி விஷயத்தில் மேலும் கவனம் வேண்டும். பருப்புக்கு வரி உண்டா என்று கேட்டால் உண்டு, இல்லை இரண்டும் சரியான பதில்தான். 18.7.2022 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய பருப்புக்கு 5 சதம். மூடையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. ஆக, சரக்கின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வரியைச் சொல்லும் கருவி பொய் சொல்லும் கருவி. பொட்டலமா, சில்லறையா, பொட்டலமென்றால் எத்தனை கிலோ என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும். 22.9.2025-ல் 12 சதம், 28 சதம் என்ற இரண்டு அடுக்குகள் பெரும்பாலான சரக்குகளுக்கு எடுக்கப்பட்டு நெய் 12-லிருந்து 5-க்கும், குளியல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் முதலியவை 18-லிருந்து 5-க்கும் இறங்கின. அந்தத் தேதிக்கு முன் பில் போட்ட சரக்கு பிறகு திரும்பி வந்தால் அதற்குப் பழைய விகிதம்தான். ஆகவே வரிப் பட்டியலில் 'எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு கட்டம் இல்லாமல் யாரும் கருவி செய்ய வேண்டாம். எங்கள் கடையில் வரிக்குத் தனிக் கருவி வைக்கவே இல்லை. பில் போடும்போது டேலி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது மிக முக்கியமானது. பார்ப்பது ஒன்று, செய்வது வேறு. பார்க்கும் கருவியால் வரும் நஷ்டம் ஒரு தப்பான பதில். செய்யும் கருவியால் வரும் நஷ்டம் சரக்கும் பணமும். இதற்குச் சுவையான ஒரு உதாரணம் உண்டு. மேலே சொன்ன ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-ல் சான் பிரான்சிஸ்கோவில் தன் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கடையை ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் விட்டுப் பார்த்தது. குளிர்பானம், நொறுக்குத் தீனி விற்கிற கடை. இணையத்தில் தேட, மெயில் அனுப்ப, விலை மாற்ற என்று கருவிகள் கொடுத்தார்கள். நடந்ததைக் கேட்டால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். கேட்டவருக்கெல்லாம் தள்ளுபடி. விளையாட்டாக ஒருவர் கேட்டார் என்று டங்ஸ்டன் உலோகக் கட்டிகளை வாங்கி அடக்கவிலைக்கும் கீழே விற்றது. 15 டாலர் சரக்குக்கு ஒருவர் 100 டாலர் தருகிறேன் என்றபோது யோசிக்கிறேன் என்று விட்டுவிட்டது. இல்லாத ஒரு கணக்குக்குப் பணம் அனுப்பும்படி வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் 1,000 டாலர் முதல் 800-க்கும் கீழே இறங்கியது. அதை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அது பாராட்டத்தக்கது. பிறகு நடத்திய சோதனையில், கையிருப்புச் சரக்கு ஒவ்வொன்றையும் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது எப்போதும் தெரியும்படி கருவியைத் திருத்தினார்கள், விலை சொல்லும் முன் சரிபார்க்கும் ஒழுங்குமுறைகளையும் புகுத்தினார்கள். வியாபாரம் முன்னைவிடத் தேறியது. அடக்கவிலை தெரியாமல் விற்காதே என்று நம் முதலாளிகள் முதல் நாள் சொல்லித் தந்ததை அவர்கள் பெரிய சோதனை நடத்திக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் பங்கு வியாபாரம் செய்யும் ஜெரோதா நிறுவனம் 2025-ல் எம்.சி.பி. வசதி தந்தபோது, வாடிக்கையாளர் தன் கணக்கைப் பார்த்து அலச விட்டார்கள். உடனடியாகப் பங்கு வாங்கி விற்கும் கருவிகளைத் தங்கள் பொதுச் சேவையில் சேர்க்கவில்லை. அது நமக்கும் ஏற்ற ஏற்பாடு. எங்கள் ஆர்டர் கருவி ஆர்டர் போடுவதில்லை, குறித்து வைக்கிறது. சாயங்காலம் எங்களில் ஒருவர் பார்த்துச் 'சரி' கொடுத்த பிறகே அது டேலிக்குப் போகும். அழிக்கும் கருவி கிடையவே கிடையாது. இன்னொரு நுணுக்கம்: நெட்வொர்க் விட்டு விட்டு வந்தால் ஏஜென்ட், போன ஆர்டர் போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடியும் அனுப்பும். பத்து மூடை இருபதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சீட்டு எண். அதே எண் மறுபடி வந்தால் 'ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது' என்று பதில் சொல்ல வேண்டுமே தவிர இரண்டாவதாகப் பதியக் கூடாது. ஏஜென்ட் எந்த நேரத்தில் எந்தக் கருவியை என்ன கொடுத்து அழைத்தது என்பதும் வரி வரியாக ஒரு சிட்டையில் ஏற வேண்டும். கணக்கில் வித்தியாசம் வந்தால் வேறு எதை வைத்துத் தேடுவது?

ஏஜென்ட் தப்பாகச் சொன்னால் அது கம்ப்யூட்டர் செய்த பிழை, எனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா? கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனி அப்படித்தான் சொல்லிப் பார்த்தது. பாட்டி இறந்து ஊருக்குப் போன ஒருவரிடம், கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் தவறாகச் சொல்லிவிட்டது. அது தனி, நாங்கள் தனி என்ற வாதத்தை அங்குள்ள தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தள்ளிவிட்டு, ஏறக்குறைய 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது.

பாக்கிக் கருவியை நாங்கள் கடைசியாகத்தான் செய்தோம். கடன் என்பது நம் தொழிலில் மானப் பிரச்சினை. ஒரு கடைக்காரரின் பாக்கி எதிர்க் கடைக்காரருக்குத் தெரிந்தால் பிறகு அவர் நம் படி ஏற மாட்டார். யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பாக்கியைச் சொல்லும் கருவியாக இருந்தால் ஏஜென்ட் தாராளமாகச் சொல்லும். நல்ல வார்த்தையாகக் கேட்டால் போதும். அதனால் அந்தக் கருவி பெயரை வாங்குவதே இல்லை. எந்த போன் நம்பரிலிருந்து செய்தி வந்ததோ, அந்த நம்பருக்கு உரிய பாக்கியை மட்டும் எடுக்கும். இதை 'சொல்லக் கூடாது' என்று குறிப்பில் எழுதி நம்பியிருக்கவில்லை, கருவிக்குள்ளேயே பூட்டிவிட்டோம். குறிப்பு வழிகாட்டுமே தவிர காவல் காக்காது. வெளியாள் அனுப்பும் செய்திக்குள்ளேயே 'இனி இந்த பேங்க் கணக்குக்குப் பணம் அனுப்பு' என்று ஒரு வரியைச் செருகி ஏஜென்ட்டை ஏமாற்றுகிற வித்தை இப்போது இருக்கிறது. அது நம் உத்தரவா, வந்தவன் உத்தரவா என்று ஏஜென்ட்டுக்கு எப்போதும் தெரிவதில்லை. வெளியார் செய்தியைப் படிக்கும் ஏஜென்ட்டின் கையில் பணம் அனுப்பும் கருவி இருக்கவே கூடாது.

பட்டாசு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 23.10.2018-ல் உச்ச நீதிமன்றம், இணைய வழி வணிக நிறுவனங்கள் பட்டாசு ஆர்டர் எடுத்து விற்கக் கூடாது என்று தடை விதித்தது. தீபாவளி சீசனில் ஏஜென்ட்டே ஆர்டர் எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால், முதலில் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். மளிகைக்குச் செய்த ஆர்டர் கருவியைப் பட்டாசுக்கும் அப்படியே பயன்படுத்தினால் லைசென்ஸுக்கே ஆபத்து. எங்கள் யோசனை, பட்டாசு பற்றிக் கேட்டால் கடை முகவரியையும் நேரத்தையும் சொல்வதோடு ஏஜென்ட் நிறுத்திக்கொள்ளட்டும் என்பதே.

இவ்வளவு தொல்லைப்பட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2025 அக்டோபரில் சாட்ஜிபிடியில் பேசியபடியே யு.பி.ஐ. மூலம் பணம் கட்டி மளிகை வாங்கும் ஏற்பாட்டைச் சோதனை முறையில் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்த கடைகளில் ஒன்று பிக்பாஸ்கட். நாளைக்கு வாடிக்கையாளரின் ஏஜென்ட் உளுந்து எங்கே கிடைக்கும் என்று தேடும்போது, அதற்குப் புரிகிற மாதிரி விலையும் இருப்பும் சொல்கிற கடைதான் அதன் கண்ணில் படும். பெரிய கம்பெனிகள் அதற்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருக்கின்றன. நம் சரக்குக்கு நாம் எழுதவில்லை என்றால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

தொடங்க நினைப்பவர்கள் கம்ப்யூட்டர் பக்கம் போவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம் வாடிக்கையாளர்கள் போனிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கிற கேள்விகளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். எதிரில் நாம் என்ன பார்த்து என்ன பதில் சொன்னோம் என்பதையும் எழுதுங்கள். எந்தக் கேள்வி அதிகம் வருகிறதோ அதற்கு முதல் கருவி. செய்து முடித்ததும் அந்த நோட்டில் உள்ள இருபது முப்பது கேள்விகளை ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். தப்பான கருவியை எடுத்தால் ஏஜென்ட்டைத் திட்டிப் பயனில்லை, குறிப்பில் எந்தச் சொல் அதை அப்படி நினைக்க வைத்தது என்று பார்த்துத் திருத்துங்கள். மறுபடி அதே இருபது முப்பது கேள்விகள். எங்கள் இருப்புக் கருவியின் குறிப்பு ஆறு தடவை மாறியது. 'லாரியில் வந்துகொண்டிருக்கும் சரக்கு இதில் சேராது' என்ற வரி ஆறாவது தடவையில் வந்ததுதான். குறிப்பைத் திருத்தும்போதெல்லாம் தேதி போட்டு, பழையதையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைக் கல்லாப்பெட்டியிலேயே வைப்பது நல்லது. நாங்கள் அங்கேதான் வைத்திருக்கிறோம்.